எவ்வளவு நேரம், எத்தனை தடவை? வைரஸ் தொற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய் உள்ளவர் பக்கத்தில் எத்தனை நிமிடம் இருந்தால் தொற்றும்?

அப்படி ஒரு நிமிடக் கணக்கு கிடையாது. இந்த நிமிடம் வரை பத்திரம், அடுத்த நிமிடத்திலிருந்து ஆபத்து என்று எந்த வைரஸும் கோடு போட்டு வைத்திருப்பதில்லை.

எளிதாகச் சொன்னால், இரண்டு விஷயங்களைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு எவ்வளவு வைரஸ் உங்களிடம் வந்து சேர்கிறது என்பது ஒன்று. எத்தனை நிமிடம் வந்து சேர்ந்தது என்பது இன்னொன்று. முதலாவது மிக அதிகமாக இருந்தால் இரண்டு நிமிடமே போதும். மிகக் குறைவாக இருந்தால் அரை நாள் உட்கார்ந்திருந்தும் ஒன்றும் ஆகாமல் போகலாம். பூஜ்யமாக இருந்தால் ஆயுள் முழுக்கக் கூடவே இருந்தாலும் பூஜ்யம்தான்.

எல்லோரும் நேரத்தை மட்டும் கேட்பதற்குக் காரணம், கடிகாரம் கையில் இருக்கிறது. காற்றில் உள்ள வைரஸை அளக்கும் கருவி இல்லை. ஆனால் அந்த முதல் எண்ணை ஊகிக்க நிறையத் துப்புகள் உண்டு. கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

அப்படியென்றால் கோவிட் காலத்தில் சொன்ன ‘15 நிமிடம்’ எங்கிருந்து வந்தது?

அது தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடிப்பவர்களின் வசதிக்காக வைத்த எல்லை. ஒரு நோயாளி இரண்டு நாளில் எதிரே கடந்து போன அத்தனை பேரையும் தேட முடியாது. எங்காவது கோடு போட்டாக வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., ஆறு அடிக்குள் 15 நிமிடம் அல்லது அதற்கு மேல் இருந்தவரை ‘நெருங்கிய தொடர்பு’ என்று வைத்துக்கொண்டது. முதலில் அது ‘தொடர்ச்சியாக 15 நிமிடம்’ என்றே புரிந்துகொள்ளப்பட்டது.

2020 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சிறைக் காவலர் எட்டு மணி நேரப் பணியில் இருந்தார். அன்று அங்கே கொண்டுவரப்பட்டிருந்த ஆறு கைதிகளுக்குக் கோவிட் இருந்தது பிறகுதான் தெரிந்தது. காவலர் அவர்களோடு உட்கார்ந்து பேசவில்லை. அறைக் கதவைத் திறந்தார், மூடினார், துணிகளை வாங்கினார், மருந்து கொடுக்கும்போது கூட நின்றார். கண்காணிப்பு வீடியோவை ஓட்டிப் பார்த்து எண்ணினார்கள்: 22 சந்திப்புகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம். எல்லாம் சேர்த்தால் சுமார் 17 நிமிடம். துணி மாஸ்க்கும் கண் பாதுகாப்பும் போட்டிருந்தும் அவருக்குத் தொற்றியது.

இந்த அறிக்கை வெளியான 2020 அக்டோபர் 21-லேயே சி.டி.சி. விளக்கத்தை மாற்றியது: தொடர்ச்சியாக அல்ல, 24 மணி நேரத்தில் மொத்தம் 15 நிமிடம். எண் மாறவில்லை, எண்ணும் விதம் மாறியது. என்னைக் கேட்டால், அந்த மாற்றத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவே இல்லை. இன்றும் பலர் 14-ஆவது நிமிடத்தில் எழுந்து போய்விட்டால் தப்பித்தோம் என்றுதான் நினைக்கிறார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை பார்ப்பதும், ஒரே தடவை நீண்ட நேரம் இருப்பதும் ஒன்றா?

ஒரே நாள், ஒரே ஆள், ஒரே இடம், ஒரே தூரம் என்றால் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் விட்ட இடைவெளி பழைய கணக்கை அழித்துவிடாது.

நிலைமை மாறும்போது வித்தியாசம் வருகிறது. ஒரு நோயாளி எல்லா நாளும் ஒரே அளவு வைரஸை வெளியிடுவதில்லை. அவரை ஐந்து நாளில் பத்துப் பத்து நிமிடம் பார்ப்பவர், அவர் மிக அதிகம் பரப்பும் நாளையும் எப்படியும் தொட்டுவிடுவார். ஒரே நாளில் 50 நிமிடம் பார்ப்பவருக்கு அது அந்த மோசமான நாளாகவும் இருக்கலாம், அது முடிந்த பிறகு வரும் நாளாகவும் இருக்கலாம். அதாவது, அடிக்கடி பார்ப்பது அதிர்ஷ்டத்தைச் சமப்படுத்துகிறது. ஒரே தடவை பார்ப்பதில் ஏற்ற இறக்கம் அதிகம்.

ஒரு சந்திப்பில் தொற்றும் வாய்ப்பு 1 சதவீதம் என்றால், 100 சந்திப்பில் 100 சதவீதமா?

இல்லை. தப்பிக்கும் வாய்ப்பைத்தான் பெருக்க வேண்டும். ஒரு தடவை தப்பிக்க 99 சதவீத வாய்ப்பு. 100 தடவையும் தப்பிக்க 0.99-ஐ 100 முறை பெருக்கினால் சுமார் 37 சதவீதம் வரும். ஆகவே தொற்றும் வாய்ப்பு 63 சதவீதம்.

பத்துத் தடவை என்றால் 9.6 சதவீதம், கிட்டத்தட்ட நேர்க்கணக்குதான். வாய்ப்பு சின்னதாக இருக்கும்வரை சாதாரணமாகக் கூட்டினாலே போதும். பெரிதாகும்போதுதான் கோடு வளைகிறது: தடவைக்கு 10 சதவீதம் என்றால் பத்துத் தடவைக்கு 65.

இந்தக் கணக்கில் இரண்டு தவறான ஆறுதல்கள் அடிபட்டுப் போகின்றன. ‘ஒரு தடவைதானே’ என்பதைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தால் அது ஒரு தடவை அல்ல. ‘இவ்வளவு நாளாக வரவில்லை, இனி வராது’ என்பதும் இல்லை. நேற்று வரை தப்பித்தது இன்றைய வாய்ப்பைக் குறைப்பதில்லை.

நேரம் கூடினால் ஆபத்து கூடுகிறது என்பதை உண்மையில் அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள், அதுவும் பெரிய அளவில். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கோவிட் காலத்தில் மக்கள் தங்கள் ஃபோனில் ஒரு செயலி வைத்திருந்தார்கள். இரண்டு ஃபோன்கள் எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு நேரம் இருந்தன என்பதை அது புளூடூத் மூலம் குறித்துக்கொள்ளும். நோயாளியின் பக்கத்தில் இருந்ததாக எச்சரிக்கை அனுப்பப்பட்ட 70 லட்சம் தொடர்புகளின் பதிவுகளை ஆராய்ந்து 2023 டிசம்பரில் நேச்சர் அறிவியல் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள்.

தொற்றும் வாய்ப்பு ஆரம்பத்தில் மணிக்கு 1.1 சதவீதம் வீதம் நேராக ஏறியது. அப்புறமும் நிற்காமல் பல நாள்வரை ஏறிக்கொண்டே போனது. பெரும்பாலான தொடர்புகள் ஒரு மணி நேரத்துக்கும் குறைந்தவை, நடுமதிப்பு 0.7 மணி (பாதித் தொடர்புகள் இதற்குக் கீழே, பாதி இதற்கு மேலே). ஆனால் உண்மையில் தொற்றில் முடிந்த தொடர்புகளின் நடுமதிப்பு 6 மணி நேரம். ஒரே வீட்டில் இருப்பவர்கள் மொத்தத் தொடர்புகளில் 6 சதவீதம்தான். தொற்றில் அவர்கள் பங்கு 40 சதவீதம்.

1.1 என்பது கோடிக்கணக்கான மணி நேரங்களின் சராசரி. திறந்தவெளியும் மூடிய அறையும், பரப்புகிறவரும் பரப்பாதவரும் எல்லாம் அதற்குள் கலந்திருக்கிறார்கள். உங்கள் குறிப்பிட்ட ஒரு மணி நேரத்துக்கு அதை அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஏற்றத்தின் வடிவம்: எங்கும் படி இல்லை, சரிவுதான்.

ஒரே அறையில் ஒரே நேரம் இருந்தோம். அவருக்கு வந்தது, எனக்கு வரவில்லை. ஏன்?

முதல் காரணம், வெறும் வாய்ப்பு. இதை மூடிமறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் 18 முதல் 29 வயதுக்குள், முன்பு கோவிட் வராத, தடுப்பூசி போடாத ஆரோக்கியமான தொண்டர்களின் மூக்கில் ஒரே அளவு கோவிட் வைரஸை விட்டுப் பார்த்தார்கள். கணக்கில் எடுத்துக்கொண்ட 34 பேரில் 18 பேருக்குத் தொற்றியது. அளவு ஒன்று, வழி ஒன்று, வயது ஒன்று. இருந்தும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். பரிசோதனைக் கூடத்திலேயே இப்படி என்றால் வெளியே கேட்க வேண்டியதில்லை.

அப்புறம்தான் மற்றக் காரணங்கள்: ஏற்கெனவே உள்ள எதிர்ப்பு சக்தி, உட்கார்ந்த இடம், யார் சத்தமாகப் பேசினார்கள், காற்று எந்தப் பக்கம் போனது.

எதிர்த் திசையிலும் ஒரு உதாரணம் உண்டு. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடற்குழுவின் ஒத்திகைக்கு 61 பேர் வந்தார்கள். இரண்டரை மணி நேரம் பாடினார்கள். வந்தவர்களில் ஒருவருக்கு அறிகுறி இருந்தது. அடுத்த நாட்களில் மேலும் 52 பேருக்கு நோய் வந்தது (20 பேருக்கு டெஸ்ட் செய்யவில்லை, அறிகுறியை வைத்துச் சேர்த்தார்கள்), இருவர் இறந்தார்கள். அதே இரண்டரை மணி நேரம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தால் இந்த எண்ணிக்கை வந்திருக்காது. குரல் உயர உயர வாயிலிருந்து வெளியேறும் நுண்துளிகளும் கூடுகின்றன. பாட்டு, கூச்சல், சத்தமான விவாதம் எல்லாம் நிமிடங்களின் எடையைக் கூட்டிவிடுகின்றன.

காற்றோட்டம் இருந்தால் கூடுதல் நேரம் இருக்கலாமா?

இருக்கலாம். நான் இதற்குக் கொடுக்கும் முக்கியத்துவம் கொஞ்சம் அதிகமாகவே தெரியலாம், காரணம் இருக்கிறது.

ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். 15 நிமிடத்தில் சுமார் 100 லிட்டர். எட்டு மணி நேரத்தில் மூவாயிரம் லிட்டருக்கு மேல். அந்தக் காற்றில் பிறர் விட்ட மூச்சு எவ்வளவு என்பதுதான் கேள்வி. மூடிய அறையில் ஒருவர் சிகரெட் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் நெடி அடிக்கும். அரை மணி கழித்து அறையின் மூலையில் இருப்பவருக்கும் கண் எரியும். நோயாளியின் மூச்சும் அப்படியே தேங்குகிறது. ஆகவே மூடிய அறையில் இரண்டாவது மணி நேரம் முதல் மணி நேரத்தைவிட மோசமானது. நேரம் இரட்டிப்பானால் ஆபத்து இரட்டிப்புக்கும் மேல் போகலாம்.

1977-ல் அலாஸ்காவில் 54 பேர் ஏறிய ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் மூன்று மணி நேரம் தரையிலேயே நின்றது. காற்றோட்ட அமைப்பு இயங்கவில்லை. ஏறியவர்களில் ஒருவருக்கு ஃப்ளூ இருந்தது. 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த நேரத்தைப் பொறுத்து நோய் வந்தவர்களின் விகிதமும் மாறியது.

காற்று எவ்வளவு வேகமாகச் சுத்தமாகும்? நோயாளி வெளியே போன பிறகு, காற்று நன்றாகக் கலக்கும் அறையில் 99 சதவீத நுண்துளிகள் வெளியேற, மணிக்கு 2 முறை காற்று மாறினால் 138 நிமிடம் ஆகும். 6 முறை மாறினால் 46 நிமிடம், 12 முறை என்றால் 23 நிமிடம். ஜன்னலைத் திறப்பதும் எதிர்ப்பக்கக் கதவைத் திறப்பதும் இந்த எண்ணைத்தான் மாற்றுகின்றன. ஏ.சி. குளிர வைக்கிறது என்பதற்காகக் காற்று மாறுகிறது என்று அர்த்தமில்லை. வெளிக்காற்றை உள்ளே எடுக்காத ஏ.சி. அதே காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. கரியமில வாயுவை அளக்கும் சின்னக் கருவி கிடைத்தால் வைத்துப் பாருங்கள். வெளியே சுமார் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும். அறைக்குள் 800-ஐத் தாண்டினால் ஜன்னலைத் திறக்கும் நேரம்.

இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் நேரம் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

சிறிது நேரத்துக்குத் தூரம் நன்றாக உதவும். பெரிய துளிகள் அதற்குள் கீழே விழுந்துவிடும். மூச்சும் கலைந்து நீர்த்துவிடும். நேரம் நீள நீள, அதுவும் மூடிய இடத்தில், தூரத்தின் பலன் குறைந்துகொண்டே வரும்.

2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரில் ஓர் உணவகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் மூன்று குடும்பங்கள் சாப்பிட்டன. ஒருவரிடமிருந்து தொடங்கி, அவரையும் சேர்த்து மொத்தம் 10 பேருக்குத் தொற்று. மூன்று மேசைகளும் ஒரே ஏ.சி.யின் காற்றுப் பாதையில் இருந்தன. நோயாளியின் குடும்பத்தோடு ஒரு மேசை 53 நிமிடமும் இன்னொன்று 73 நிமிடமும் சேர்ந்து இருந்தன. அதே தளத்தில் இருந்த மற்ற 73 வாடிக்கையாளர்களில் ஒருவருக்கும் வரவில்லை. மேசைக்கு வந்து போய்க்கொண்டிருந்த ஊழியர்களுக்கும் வரவில்லை. பக்கத்தில் வந்தவர்கள் அவர்கள்தான், ஆனால் நிற்கவில்லை.

லிஃப்டில் ஒரு நிமிடம்?

பொதுவாகக் குறைந்த ஆபத்து. கூட இருப்பவர் முகத்துக்கு நேரே இருமினால் கணக்கு வேறு. தட்டம்மை என்றால் அடுத்த பதிலைப் பாருங்கள்.

நோயாளி போன பிறகுதான் நான் அந்த அறைக்குள் போனேன். அதுவும் தொடர்பா?

தட்டம்மையில் ஆம். அந்த வைரஸ் காற்றில் இரண்டு மணி நேரம்வரை தங்கும். எதிர்ப்பு சக்தி இல்லாதவர்கள் நோயாளியோடு தொடர்புக்கு வந்தால் பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். அதனால்தான் தட்டம்மைக்கு நிமிடக் கணக்கே பார்ப்பதில்லை; ஒரே காற்றைச் சுவாசித்திருந்தால் அது தொடர்பு, அவ்வளவுதான். இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டவர் இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. மற்றச் சுவாச வைரஸ்களில் காலி அறையின் ஆபத்து வேகமாகத் தேய்ந்துவிடும், காற்று மாறினால் இன்னும் வேகமாக.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டது. இனி என்ன செய்தாலும் எல்லோருக்கும் வந்தே தீருமா?

இல்லை. மக்கள் சீக்கிரம் கைவிட்டுவிடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கோவிட்டின் முதல் ஆண்டில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரே வீட்டில் இருந்தவர்களில் சராசரியாக 16.6 சதவீதம் பேருக்குத்தான் தொற்றியது. தம்பதியைத் தனியாகப் பிரித்துப் பார்த்த சில ஆய்வுகளில் மட்டும் கணவன் அல்லது மனைவிக்கு 37.8 சதவீதம், மற்றவர்களுக்கு 17.8. பிறகு வந்த ஒமிக்ரானில் வீட்டுத் தொற்று மிகவும் கூடியது உண்மை. ஆனால் இந்த இடைவெளியைக் கவனியுங்கள். ஒரே கூரை, ஒரே சமையல். தம்பதிக்கு இரண்டு மடங்கு. பெரிய காரணம், அவர்கள் பக்கத்தில் இருக்கும் நேரம், முக்கியமாக இரவு.

ஒரு சின்னக் கணக்கு. நோயாளியின் அறைக்குள் ஒரு நாளைக்கு ஐந்து தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம் போய் வருகிறீர்கள். நாளைக்கு 10 நிமிடம். இரவு அதே அறையில் எட்டு மணி நேரம் தூங்கினால் 480 நிமிடம், 48 நாள் போய் வருவதற்குச் சமம். பகல் முழுக்க மாஸ்க் போட்டுக்கொண்டு, கதவுக் குமிழைத் துடைத்துவிட்டு, ராத்திரி அதே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர்களுக்கு இந்த ஒரு எண்ணைச் சொன்னால் போதும்.

ஆகவே முதலில் தூங்கும் இடத்தைப் பிரியுங்கள். தனி அறை இல்லையென்றால் கட்டில்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட முடியுமோ விட்டு, தலைமாட்டை எதிரெதிர்ப் பக்கம் வைத்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். உள்ளே போவதற்குக் கொஞ்சம் முன்பே ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். சாப்பாடு, தண்ணீர், மருந்து, தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் எடுத்துப் போனால் ஐந்து தடவை மூன்றாகும். பேச்சை ஃபோனில் வைத்துக்கொள்ளலாம். கவனிப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். ஆளுக்கு ஒரு வேளை என்று பங்கு போட்டால் அத்தனை பேரும் வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று மூச்சுத் திணறும் நோயாளியையோ சின்னக் குழந்தையையோ தனியே விட்டுவிடக் கூடாது. அங்கே நேரத்தைக் குறைக்க முடியாது. மாஸ்க்கும் ஜன்னலும்தான் வழி.

மாஸ்க் போட்டால் எத்தனை மடங்கு நேரம் கிடைக்கும்?

முகத்தில் சரியாகப் பொருந்திய என்95 மாஸ்க், உள்ளே வருவதைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் என்று பணியிடப் பாதுகாப்பில் கணக்கு வைப்பார்கள். அந்தக் கணக்கில் மாஸ்க்கோடு 10 மணி நேரம், மாஸ்க் இல்லாத ஒரு மணி நேரத்துக்குச் சமம். தளர்ந்த துணி மாஸ்க்குக்கு இந்த எண் பொருந்தாது.

கழற்றும் நேரம்தான் வில்லன். எட்டு மணி நேர வேலையில் ஏழரை மணி மாஸ்க்கோடு இருந்துவிட்டு, சாப்பிடும்போது அரை மணி கழற்றுகிறீர்கள். ஏழரை மணி, முக்கால் மணியாகச் சுருங்குகிறது. கழற்றிய அரை மணி அப்படியே நிற்கிறது. ஆக மொத்த ஆபத்தில் 40 சதவீதம் அந்த அரை மணியிலேயே இருக்கிறது. சாப்பாட்டை மட்டும் வெளியே, தனியாக வைத்துக்கொண்டால் அந்தப் பங்கில் பெரும்பகுதி போயிற்று.

தொடுதல் மூலம் பரவும் வைரஸ்களுக்கும் இதே கணக்கா?

அங்கே நிமிடத்தைவிடத் தடவை முக்கியம். ஆஸ்திரேலியாவில் 26 மருத்துவ மாணவர்களை வகுப்பில் வீடியோ எடுத்துப் பார்த்ததில், மணிக்குச் சராசரி 23 தடவை முகத்தைத் தொட்டார்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வாய், மூக்கு, கண். மருத்துவம் படிப்பவர்களே இப்படி! கை கழுவுவது இந்தச் சங்கிலியை ஒவ்வொரு தடவையும் அறுக்கிறது. காற்றில் அப்படி ஒரு அறுப்பு கிடையாது.

வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோவைரஸ் இதில் கில்லாடி. சில பத்துத் துகள்களே போதும். அதற்கு ‘கொஞ்ச நேரம்தான் இருந்தேன்’ என்ற பேச்சே செல்லாது. ஒரு கைப்பிடி, ஒரு டம்ளர் போதும். ஆல்கஹால் சானிடைசர் அதனிடம் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான்.

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் போன்றவை?

எச்.ஐ.வி. உள்ளவரோடு கை குலுக்குவது, கட்டிப்பிடிப்பது, ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே அறையில் வருடக்கணக்கில் வாழ்வது, இவற்றால் பரவாது. முதல் பதிலில் சொன்ன பூஜ்யம் இதுதான். நேரத்தை எவ்வளவு கூட்டினாலும் பெருக்கல் பூஜ்யத்தில்தான் நிற்கும். இதைத் தெரியாமல் எத்தனை பேரை வீட்டை விட்டுத் தள்ளிவைத்தார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

பரவும் வழிகளில் தடவைக் கணக்கு வரும். சிகிச்சை எடுக்காத ஒருவரிடமிருந்து, பாதுகாப்பில்லாத ஒரு யோனிவழி உறவில் பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-க்கு 8 என்று மதிப்பிடுகிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர் போட்ட ஊசியைப் பகிர்ந்தால் தடவைக்கு 10,000-க்கு 63. ஒரு தடவைக்குச் சின்ன எண்தான். 100 தடவை ஆனால் முதலாவது 8 சதவீதத்தை நெருங்கும், இரண்டாவது 47 ஆகிவிடும். ஆனால் முதல் தடவையிலேயே தொற்றியவர்களும் உண்டு. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவின் மூலம் பரவாது. சந்தேகமான சம்பவம் நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். முதல் நாளே போவது நல்லது.

ஊசி குத்திய காயத்தில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி இன்னும் எளிதாகத் தொற்றும். தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 சதவீதம்; எச்.ஐ.வி.க்கு அதே காயத்தில் சுமார் 0.3.

வெறிநாய்க்கடிக்கு இந்தப் பக்கத்தின் எந்தக் கணக்கும் பொருந்தாது. ஒரே கடி போதும். அங்கேயும் ஒரு 15 நிமிடம் உண்டு, ஆனால் அது காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டிய நேரம். கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குப் போங்கள்.

தினமும் அதே நாலு பேரைப் பார்ப்பது நல்லதா, வேறு வேறு ஆட்களைச் சிறிது நேரம் பார்ப்பது நல்லதா?

ஊரில் 100-ல் 2 பேருக்கு நோய் இருக்கும் வாரம் என்று வைத்துக்கொள்வோம். அதே நாலு பேரை வாரம் முழுக்கப் பார்த்தால், அவர்களில் ஒருவராவது நோயாளியாக இருக்கும் வாய்ப்பு 8 சதவீதம். தினம் புது நாலு பேர் என்றால் வாரத்தில் 28 பேர், வாய்ப்பு 43. ஆனால் அந்த நாலில் ஒருவர் நோயாளியாகிவிட்டால் அவரோடு தினமும் பல மணி நேரம் இருப்பீர்கள். நீண்ட நேரமும் அடிக்கடியும் பார்ப்பவர்களைத்தான் நாம் தொட்டுப் பேசுகிறோம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

உங்கள் ஒருவரின் ஆபத்து இரண்டிலும் கிட்டத்தட்டச் சமமாக வரலாம். ஊருக்கு அப்படி இல்லை. நாலு பேர் வட்டத்துக்குள் நோய் வந்தால் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். புதுப்புது ஆட்களைச் சந்திப்பவர் அதை ஊர் முழுக்க எடுத்துப் போவார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் எதிர்ப்பு சக்தி வளராதா?

அதை நம்பி இறங்காதீர்கள். தடுப்பூசியில் அளவும் தெரியும், அது நோயாக வளராது என்பதும் தெரியும். உயிருள்ள வைரஸ் உள்ளே போய் ஒரு செல்லைப் பிடித்துவிட்டால் தானாகப் பெருகும். நீங்கள் ‘கொஞ்சம்’ என்று நினைத்து வாங்கியது கொஞ்சமாக நிற்காது.

நேர்மாறான கவலைக்கு ஆதாரம் இருக்கிறது. 1979-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் நாட்டில் தட்டம்மை பரவியபோது டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் பீட்டர் ஆபி ஒரு விஷயத்தைக் கவனித்தார். வெளியிலிருந்து நோயை வீட்டுக்குக் கொண்டுவந்த குழந்தையைவிட, அதனிடமிருந்து வீட்டுக்குள்ளேயே வாங்கிய குழந்தைகள் அதிகம் இறந்தார்கள். நெரிசலான வீட்டில், இரவு பகலாக, பக்கத்திலேயே கிடந்து வாங்கிய தொற்று. சின்னம்மையிலும் வீட்டில் இரண்டாவதாக வாங்குபவருக்குக் கொப்புளங்கள் கூடுதலாக வருவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே ‘எப்படியும் வரத்தான் போகிறது, ஒதுங்கி என்ன பயன்’ என்ற பேச்சு தட்டம்மை மாதிரி நோய்களில் ஆபத்தானது.

நோயாளியின் எந்த நாட்கள் மோசமானவை?

கோவிட்டில் அறிகுறி தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து முதல் சில நாட்கள். ஃப்ளூவில் அறிகுறிக்கு ஒரு நாள் முன்பே தொடங்கிவிடும். முதல் மூன்று நாள் மிக மோசம். தட்டம்மையில் தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்பிருந்து நாலு நாள் பின்புவரை. சின்னம்மையில் கொப்புளத்துக்கு ஓரிரு நாள் முன்பிருந்து எல்லாம் பொருக்குத் தட்டும்வரை.

அதாவது, ‘அவர் அப்போது நன்றாகத்தானே இருந்தார்’ என்பதைக் கணக்கில் இருந்து கழிக்கக் கூடாது. முந்தைய இரண்டு நாளில் (தட்டம்மையில் நாலு நாளில்) அவரோடு இருந்த மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று மூன்று மணி நேரம் கூட இருந்தேன். இன்று கோவிட் டெஸ்ட் நெகட்டிவ். தப்பித்தேனா?

இன்னும் சொல்ல முடியாது. வைரஸ் உள்ளே வந்தவுடன் டெஸ்ட்டில் தெரியாது. பெருகி எண்ணிக்கை ஏற வேண்டும். மேலே சொன்ன தொண்டர்களில் தொற்றியவர்களுக்கு, நுணுக்கமான பரிசோதனையிலேயே தொண்டையில் வைரஸ் தெரிய நடுமதிப்பாக 40 மணி நேரம் ஆனது. உச்சம் ஐந்தாம் நாள் வாக்கில். வீட்டில் செய்யும் ஆன்டிஜென் டெஸ்ட்டுக்கு இன்னும் தாமதமாகும். ஐந்து முழு நாள் கழித்து ஒரு டெஸ்ட் செய்யுங்கள். நெகட்டிவ் என்றால் 48 மணி நேரம் விட்டு மறுபடி ஒன்று. அதுவரை முதியவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் பக்கத்தில் போகாமல் இருங்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மாஸ்க் போட்டு, ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து, சீக்கிரம் எழுந்து வந்துவிடுங்கள். நடுவில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் ஐந்து நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டெஸ்ட் எடுங்கள்.